பின்வளவுக்குப் போகும் முன்: ரொறன்ரோவில் காய்கறிக் கன்று வளர்ப்பு, கேள்வி பதில்

ஸ்காபரோவில் புதிதாக வீடு வாங்கியவர்: அக்கா, எந்த விதையை வீட்டுக்குள் எப்போது போடுவது? வளவில் இன்னும் ஸ்னோ கிடக்கிறது.

வெளியே நடுவது விக்ரோறியா தினத்தையொட்டித்தான், அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் 8 முதல் 10 கிழமை வேண்டும், ஆகவே மார்ச் நடுப்பகுதிக்குள் போட்டுவிடுங்கள். தக்காளிக்கு 6 கிழமை போதும். முந்திப் போட்டால் வீட்டுக்குள்ளேயே பூத்து, வேருக்கு இடம் காணாமல் நிற்கும். பாகலும் புடோலும் ஏப்ரல் கடைசியில். பயித்தைக்கு மினக்கெட வேண்டாம், ஜூனில் மண் சூடானதும் நேரே ஊன்றலாம்.

பிரம்ரனிலிருந்து: மிளகாய் போட்டு 12 நாள். யன்னலோரம் நல்ல வெளிச்சத்தில்தான் வைத்திருக்கிறேன், ஒன்றும் முளைக்கவில்லை.

மிளகாய் முளைக்க வெளிச்சம் தேவையில்லை தம்பி, வெக்கைதான் தேவை. மார்ச் மாத இரவில் யன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள், தெரியும். மண் 27, 28 பாகை செல்சியஸ் சூட்டில் இருந்தால் மிளகாய் பத்து நாளுக்குள் தலைகாட்டும். 15 பாகையில் அது பேசாமல் கிடந்து அழுகிப்போகும். தட்டுக்குக் கீழே விரிக்கிற ஹீற் மற் ஒன்று வாங்குங்கள்.

அப்புறம், கடையில் வாங்கிய செத்தல் மிளகாய்க் கொட்டையா போட்டீர்கள்? அதில் உயிர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பத்துக் கொட்டையை ஈரக் கடதாசித் துவாயில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அதே வெக்கையில் வையுங்கள். இரண்டு கிழமையில் ஒன்றும் வெடிக்காவிட்டால் வேறு விதை தேடுங்கள்.

மார்க்கத்திலிருந்து: கன்றுகள் ஊசிபோல நீண்டு, அடித்தண்டு மெலிந்து சரிகின்றன.

அவை இரண்டு வேறு வருத்தம். நீளுவது வெளிச்சம் போதாததால்: லைற்றைக் கன்றுக்கு 5 முதல் 10 சென்ரிமீற்றர் மேலே வரும்படி இறக்கி, நாளுக்கு 14 மணிநேரமாவது எரியவிடுங்கள். அடித்தண்டு சூம்பிச் சரிவது நாற்றழுகல், ஈரத்தில் பரவும் பூஞ்சை நோய். சரிந்தது பிழைக்காது, எறிந்துவிடுங்கள். வளவு மண்ணை அள்ளிப் போட்டிருந்தால் அதில் வந்திருக்கலாம். விதைக்கென்றே விற்கிற மண்கலவைதான் பாதுகாப்பு. தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டில் விட்டு, அரைமணியில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். சின்ன ஃபான் ஒன்று மெல்லச் சுழன்றால் தண்டும் தடிக்கும்.

பாகல் கொட்டை முளைக்கவே மாட்டேன் என்கிறதே?

ஓடு தடிப்பு. நகவெட்டியால் ஓரத்தை மட்டும் லேசாகக் கிள்ளி, ஓரிரவு வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிடுங்கள். வேரைக் குழப்பினால் அதற்குப் பிடிக்காது, ஒரு சாடிக்கு ஒன்றாகப் போடுங்கள்.

ஏஜக்ஸ், ஒரு தங்கச்சி: மே முதல் கிழமையே நல்ல வெயில். வெளியே நட்டுவிடலாமா?

அந்த வெயிலை நம்பி நானும் ஒருமுறை கெட்டிருக்கிறேன். பேஸ்மென்றில் லைற்றுக்குக் கீழே வளர்ந்த 24 கத்தரிக்கன்றைக் காலையில் நேரே வெயிலில் நட்டேன். பின்னேரம் பார்த்தால் இலையெல்லாம் வெள்ளைக் கடதாசி மாதிரி வெளிறிக் கிடந்தது. மிஞ்சியதை மூன்றாம் நாள் இரவு உறைபனி முடித்தது.

கன்றை வெளி வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்க 7 முதல் 10 நாள் வேண்டும். முதல் நாள் நிழலில், காற்றடிக்காத மூலையில் ஒரு மணிநேரம். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டி, நாலாம் ஐந்தாம் நாளில் காலை வெயில் மட்டும் காட்டுங்கள். கடைசி இரண்டு இரவு வெளியே விடலாம், குளிர் விட்டிருந்தால். தக்காளிக்கு இரவில் 10 பாகைக்குக் கீழே போகக்கூடாது. கத்தரி, மிளகாய்க்கு 13ஆவது வேண்டும். பல வருடங்களில் அது ஜூன் முதல் கிழமைதான். நட்ட பிறகு குளிர் திரும்பினால் பழைய பெட்சீற்றால் மூடி, விடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

தக்காளியைத் தண்டு புதைய நடச் சொல்கிறார்களே?

சரிதான், புதைந்த தண்டிலும் வேர் விடும். கத்தரி, மிளகாய்க்கு அது வேண்டாம், சாடியில் இருந்த ஆழமே போதும்.

நட்ட கிழமையே கத்தரி இலையில் குண்டூசி குத்தியதுபோல ஓட்டைகள்!

தெள்ளுப்பூச்சி. கறுப்பாகச் சின்னதாக இருக்கும், கிட்டப் போனால் துள்ளும். நட்ட அன்றே மெல்லிய வலையால் மூடி, ஓரத்தை மண்ணில் புதைத்துவிடுங்கள். பூக்கத் தொடங்கியதும் எடுக்கலாம்.

கறிவேப்பிலைச் சாடியையும் இப்போதே வெளியே வைக்கலாமா?

அதற்கும் அதே பழக்கம்தான். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் இருந்த இலை, முதல் வெயிலிலேயே கருகும். செப்ரெம்பரில் மறக்காமல் உள்ளே எடுங்கள்.