மகளுக்குத் தலசீமியா: சைல்டு பிளான் எடுக்கலாமா?

கேள்வி: சேலத்தில் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், வயது 34. ஆண்டுச் சம்பளம் 8.4 லட்சம், கைக்கு மாதம் 58,000 வருகிறது. ஆறு வயது மகளுக்குத் தலசீமியா மேஜர் (உடலில் போதிய ஹீமோகுளோபின் உருவாகாத பரம்பரை இரத்த நோய்). மூன்று வாரத்துக்கு ஒருமுறை தனியார் மருத்துவமனையில் இரத்தம் ஏற்றுகிறோம், ஒரு தடவைக்கு 6,000. இரும்புச்சத்தை வெளியேற்றும் மாத்திரைக்கு மாதம் 4,500. ஆக மாதம் 10,500 தான், ஆனாலும் கையில் எதுவும் நிற்பதில்லை. எஃப்டி 3.2 லட்சம், நகைக்கடன் 1.8 லட்சம், ஏழு வருடமாகக் கட்டும் எண்டோமென்ட் பாலிசி (ஆண்டுக்கு 48,000), செல்வமகள் திட்டத்தில் மாதம் 5,000. இப்போது ஏஜென்ட் ஒருவர் மகள் பெயரில் ஆண்டுக்கு ஒரு லட்சம் கட்டும் சைல்டு பிளான் எடுக்கச் சொல்கிறார். வரிக்காகப் பழைய முறையிலேயே இருக்கவும் சொல்கிறார். இரண்டு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: சைல்டு பிளான் வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் உங்கள் கணக்கில் உள்ள ஒரு ஓட்டையை முதலில் அடைத்துவிடுவோம்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 12 தடவை இல்லை, 17 தடவை. இரத்தம் ஏற்ற மட்டும் 1,02,000, மாத்திரைக்கு 54,000, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டின் (உடலில் சேர்ந்த இரும்பின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), அப்புறம் வருடாந்திர இதயம், கண், காது பரிசோதனை, போக்குவரத்து எல்லாம் சேர்த்து ஒரு 24,000 வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 1,80,000. மாதம் 15,000. நீங்கள் 10,500 என்று நினைத்துக் குடும்பம் நடத்துகிறீர்கள், அந்த 4,500 ரூபாய் ஒவ்வொரு மாதமும் எங்கிருந்தோ பிடுங்கப்படுகிறது. நகைக்கடன் வந்த வழி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதைவிட முக்கியமானது, இந்தச் செலவு இப்படியே நிற்காது. ஏற்றும் இரத்தத்தின் அளவும் மாத்திரையின் அளவும் உடல் எடையை வைத்துத்தான் முடிவாகின்றன. இரும்பை வெளியேற்றும் மாத்திரையான டெஃபெராசிராக்ஸ் ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வையுங்கள் (அளவை மருத்துவர்தான் ஃபெரிட்டினைப் பார்த்து மாற்றுவார், இது கணக்குக்காக). இப்போது பாப்பா 17 கிலோ என்றால் நாளைக்கு 510 மில்லிகிராம். பதினைந்து வயதில் 42 கிலோ ஆகும்போது 1,260. விலைவாசி ஒரு பைசா ஏறாவிட்டாலும் இன்றைய 4,500 ரூபாய் மாத்திரைச் செலவு 11,000-ஐத் தாண்டும். இரத்தமும் ஒரு யூனிட்டிலிருந்து இரண்டு யூனிட் ஆகும். அதனால் உங்களுக்கு வேண்டியது எப்போது கேட்டாலும் கைக்கு வருகிற பணம். சைல்டு பிளானில் பணம் பூட்டிக் கிடக்கும், நடுவில் எடுத்தால் நஷ்டம். மாதம் எட்டாயிரத்துக்கு மேல் அதில் போட்டுவிட்டு மாத்திரைக்கு நகையை அடகு வைப்பதில் அர்த்தமில்லை.

பழைய வரிமுறை விஷயத்தில் ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80டிடிபி பிரிவுக்கான நோய்ப் பட்டியலில் தலசீமியாவும் ஹீமோஃபிலியாவும் பெயர் சொல்லியே இருக்கின்றன, 60 வயதுக்குக் கீழ் என்றால் செலவழித்ததில் 40,000 வரை கழிவு. ஆனால் பழைய முறையில் நிலையான கழிவு 50,000, சேமிப்புகளுக்கான 80சி முழுதாக 1.5 லட்சம், இந்த 40,000 எல்லாம் போனாலும் 6 லட்சத்துக்கு வரி வரும், செஸ்ஸோடு 33,800. புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்குத் தள்ளுபடி இருப்பதால் உங்களுக்கு வரியே இல்லை. புதிய முறைக்கு மாறுங்கள். ஊனமுற்றவரைப் பராமரிப்பதற்கான 80டிடி பிரிவில் 75,000 கழிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அந்தப் பிரிவின் ஊனப் பட்டியல் 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டத்தைப் பின்பற்றியது, அதில் தலசீமியா இல்லை.

ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தலசீமியா இருக்கிறது, எனவே யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். சான்றிதழில் ஊனம் 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. சிகிச்சைக்காக ரயிலில் போனால் தலசீமியா நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ஸ்லீப்பரில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு, மருத்துவமனைச் சான்று வேண்டும்.

அரசு இரத்த மையங்களில் தலசீமியா குழந்தைகளுக்கு இரத்தம் இலவசம், செயலாக்கக் கட்டணமும் கிடையாது. உங்கள் ஊர் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போய் இரத்தத்துக்கும் மாத்திரைக்கும் என்ன ஏற்பாடு, மாத்திரை தொடர்ந்து இருப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் அங்கே போகத் தயங்குகிறார்கள், அது தேவையில்லாத தயக்கம். மாத்திரை மட்டும் அங்கே கிடைத்தாலும் வருடத்துக்கு 54,000 மிச்சம்.

சரி, கையில் இருப்பதை மாற்றி அடுக்குவோம். முதலில் உங்கள் பெயரில் 1.5 கோடிக்கு டெர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, உயிருக்கு மட்டுமான காப்பீடு). உங்கள் வீட்டில் மிகப் பெரிய ஆபத்து பாப்பாவின் நோய் அல்ல, உங்கள் சம்பளம் நின்றுபோவது. நீங்களும் மனைவியும் தலசீமியா மைனராகத்தான் (நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவராக) இருப்பீர்கள், விண்ணப்பத்தில் அதை மறைக்காமல் எழுதுங்கள். பாலிசி கைக்கு வந்த பிறகு, அதற்கு முன் அல்ல, எண்டோமென்ட்டைப் பெய்ட்-அப் ஆக்கிவிடுங்கள், அதாவது இனி பிரீமியம் கட்டாமல், குறைந்த தொகைக்குப் பாலிசி மட்டும் தொடரும். எஃப்டியை உடைத்து நகைக்கடனை அடையுங்கள், மீட்ட நகையே அவசரத்துக்கு உதவும், தேவையானால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பணமாகிவிடும். செல்வமகளில் மாதம் 1,000 போதும். உயிருக்கு ஆபத்தான நோய் என்று சான்று காட்டினால், கணக்கு தொடங்கி ஐந்து ஆண்டுக்குப் பின் முன்கூட்டியே முடிக்க வழி இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் பணம் போடாதீர்கள். இப்படி மிச்சமாகிற எட்டாயிரத்தில் டெர்ம் பிரீமியம் போக மீதியைத் தனி வங்கிக் கணக்கில், சிகிச்சைக்கு என்றே, ஆர்டியாகப் போடுங்கள். சம்பளம் வந்த அன்றே 15,000-ம் அந்தக் கணக்குக்குப் போய்விட வேண்டும்.

அலுவலகக் குழுக் காப்பீடு இருந்தால் ஹெச்ஆரிடம் பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். 24 மணி நேரம் படுக்காமல் இரத்தம் ஏற்றிக்கொண்டு வருவது அதன் டே கேர் பட்டியலில் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் வருடத்துக்கு 17 பில் அதிலேயே போகும். தனிப் பாலிசி எடுத்தால் நோயைச் சொல்லியே எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுதான்.

எலும்பு மஜ்ஜை மாற்று பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். தம்பியின் எச்எல்ஏ (மாற்றுக்குப் பொருந்த வேண்டிய திசு வகை) அக்காவுக்குப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. மருத்துவரிடம் பேசி அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் செய்யுங்கள், கல்லீரலில் இரும்பு சேர்வதற்கு முன், சின்ன வயதில் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும். பொருந்தினால் கோல் இந்தியாவின் தலசீமியா பால் சேவா திட்டத்தில் 10 லட்சம் வரை உதவி கிடைக்கலாம், வேலூர் சிஎம்சியும் அதில் இருக்கிறது. வருமான வரம்பும் வயது வரம்பும் உண்டு, அங்குள்ள சமூகப் பணியாளரிடம் சம்பளச் சான்றோடு பேசுங்கள். பொருந்தாவிட்டால் மேலே சொன்ன கணக்கு அப்படியே நிற்கும்.

டெர்ம் பாலிசி எடுக்கும்போதே எம்டபிள்யூபி எனும் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் பயனாளிகளாகப் போட்டு எடுங்கள், கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கைவைக்க முடியாது. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் முடியாது, விண்ணப்பத்தோடு சேர்த்துத்தான் அந்தப் படிவத்தையும் கொடுக்க வேண்டும்.