ஒரு கால் படியில் இருக்கும்போதே பஸ் நகர்ந்தால்?

கேள்வி: பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அம்மா ஒரு காலைத்தான் தரையில் வைத்திருந்தார். அதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிட்டார். கீழே விழுந்ததில் அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. போக்குவரத்து அலுவலகத்தில், "இறங்கிய பிறகு நடந்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை, அவர்தான் அவசரப்பட்டார்" என்கிறார்கள். ஒரு வாரம் ஆகிறது. நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். அவர்கள் சொன்னதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஒரு கால் படியில் இருக்கும்வரை உங்கள் அம்மா பயணிதான். கதவருகே யாரும் இல்லை என்பதைக் கண்ணாடியில் பார்த்த பிறகே ஓட்டுநர் வண்டியை எடுக்க வேண்டும். பணியில் அவர் செய்த தவறுக்குப் பொதுவாக நிர்வாகமே பொறுப்பு. அம்மா கொஞ்சம் அவசரப்பட்டிருந்தாலும், பல நாடுகளில் நஷ்டஈட்டுத் தொகைதான் குறையும், உரிமை போய்விடாது.

இரண்டு கால்களையும் ஊன்றி, நான்கு அடி நடந்து, பள்ளத்தில் தடுக்கியிருந்தால் கதை வேறு. அப்போது சாலையைப் பராமரிப்பவர்களைக் கேட்க வேண்டியிருக்கும். ஆனால் நிறுத்தத்தைத் தாண்டிப் பள்ளத்தின் ஓரத்திலேயே இறக்கிவிட்டிருந்தால் ஓட்டுநரையும் கேட்கலாம்.

எனக்குக் கவலையெல்லாம் சாட்சியத்தைப் பற்றித்தான். பஸ் கேமராவில் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிவிடும். அதனால் இன்றே தேதி, நேரம், தடம், வண்டி எண், இடம் எல்லாம் குறிப்பிட்டு, 'பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்' என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். போலீஸிலும் புகார் பதிவாகட்டும். டிக்கெட்டைப் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், மருத்துவமனைக் குறிப்பைப் படித்துப் பாருங்கள். 'கீழே விழுந்தார்' என்று மட்டும் இருந்தால் போதாது. 'இறங்கும்போது பஸ் நகர்ந்ததால் விழுந்தார்' என்று இருக்க வேண்டும். நடந்தது அதுதான் என்பதால், விட்டுப்போயிருந்தால் சேர்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

காலக்கெடு ஊருக்கு ஊர் மாறும். இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தம், விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போடச் சொல்கிறது. இங்கிலாந்தில் பொதுவாக 3 ஆண்டுகள். நியூயார்க் நகரப் போக்குவரத்து ஆணையத்துக்கோ 90 நாளுக்குள் நோட்டீஸ் போயாக வேண்டும். பொது நிறுவனம் என்றால் சில இடங்களில் அவகாசம் இப்படிக் குறைவுதான். இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

இடையில் பஸ் நிர்வாகத்தினர் சிறு தொகையைக் கொடுத்து, 'இத்துடன் முடிந்தது' என்று கையெழுத்துக் கேட்கக்கூடும். மாவுக்கட்டைப் பிரித்து, மணிக்கட்டு முழுதாக மடங்குகிறதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை எதிலும் அம்மா கையெழுத்துப் போட வேண்டாம்.