உறிஞ்சியதும் வெறும் பனிக்கட்டியாகும் குச்சி ஐஸ்

கேள்வி: வெயில் தொடங்கியதும் ஐந்து வயது மகள் தினமும் குச்சி ஐஸ் கேட்கிறாள். ஆரஞ்சுச் சாற்றை வடிகட்டி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து அச்சில் ஊற்றி உறையவைக்கிறேன். கல்லாகிவிடுகிறது. நான்கு முறை உறிஞ்சியதும் நிறமும் இனிப்பும் போய் வெறும் பனிக்கட்டிதான் மிஞ்சுகிறது. சர்க்கரை போட மனமில்லை. தேன் நல்லது என்கிறார்கள், சேர்க்கலாமா? பத்து மாத மகனுக்கும் இதையே கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்த வடிகட்டியை எடுத்து உள்ளே வையுங்கள். தண்ணீர்ச் செம்பையும் கூடவே வைத்துவிடுங்கள்.

சாற்றில் இருப்பதெல்லாம் ஒரே நேரத்தில் உறைவதில்லை. தண்ணீர் முதலில் தனியே படிகமாகிறது. சர்க்கரையும் நிறமும் புளிப்பும் ஒதுங்கி, படிகங்களின் இடுக்குகளில் பாகாகத் தேங்குகின்றன. உங்கள் மகள் அந்தப் பாகைத்தான் உறிஞ்சிவிட்டு மிச்சத்தை உங்களிடம் நீட்டுகிறாள், கெட்டிக்காரப் பெண். சர்க்கரை கூடினால் பாகு கூடும், ஐஸ் மென்மையாகும். பழத்தின் சதையும் நாரும் வேறு வழியில் உதவுகின்றன: கலவையைக் கெட்டியாக்கி, படிகங்கள் பெரிதாக வளராமல் தடுக்கின்றன. நீங்கள் வடிகட்டி எறிந்தது அதைத்தான்.

ஆகவே கூழாகச் செய்யுங்கள். இரண்டு கப் மாம்பழத் துண்டுகள், ஒரு வாழைப்பழம், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் மிக்ஸியில் அடிக்க வேண்டும். ஆரஞ்சுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், தோலும் கொட்டையும் நீக்கிய சுளைகளை வாழைப்பழத்தோடு அடியுங்கள். தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வாழைப்பழம் சேராமல் அது உருப்படாது. வாழைப்பழம் தோலில் கரும்புள்ளி விழும் அளவுக்குக் கனிந்திருக்கட்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும் என்பதால், அடித்த கூழ் சற்றுத் திகட்டினால்தான் ஐஸில் சரியாக இருக்கும்.

அச்சில் அரை சென்டிமீட்டர் காலியாக விடுங்கள். தண்ணீர் உறைந்தால் ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும். ஒரு மணி நேரத்தில் கூழ் இறுகத் தொடங்கும்போது குச்சியைச் செருகினால் சாயாது. பிறகு இரவு முழுவதும் இருக்கட்டும். எடுக்கும்போது அச்சை வெதுவெதுப்பான நீரில் 15 விநாடி பிடித்தால் போதும். உடனே குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள். ஃப்ரீசரிலிருந்து வந்த ஐஸின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும், ஈர நாக்கு அதில் ஒட்டிக்கொள்ளும். மேற்புறம் மினுமினுக்கத் தொடங்கிய பிறகு நீட்டுங்கள். அழகுக்காக முழுத் திராட்சைகளை உள்ளே போட வேண்டாம், தொண்டையை அடைக்கும்.

இவ்வளவு வேலை எதற்கு என்று பெட்டிச் சாறு வாங்கிவிடாதீர்கள். 'பழப் பானம்' என்று எழுதியிருந்தால் அது பழச்சாறு அல்ல. பொருள்களின் பட்டியல் எடை வரிசைப்படி இருக்கும். முதலில் தண்ணீர், இரண்டாவதாகச் சர்க்கரை என்றிருந்தால் நீங்கள் சர்க்கரைத் தண்ணீருக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்பது இன்னும் தந்திரமானது. சர்க்கரைக்குப் பதில், தண்ணீரை வற்றவைத்துச் செறிவாக்கிய பழச்சாற்றைச் சேர்த்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் தேனையும் பழச்சாற்றையும் அதன் செறிவையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் வைக்கிறது. முன்பக்கம் பெட்டி முழுக்கப் பழத்தின் படம், பின்பக்கம் எறும்புக் கால் எழுத்தில் உண்மை. இதை எத்தனை ஆண்டுகளாகச் சொல்கிறோம்! எழுத்தைப் பெரிதாக்கச் சொல்ல உணவுத் துறை அதிகாரிகளுக்கு இன்னும் எத்தனை கூட்டம் வேண்டுமோ தெரியவில்லை. விதவிதமான உருவங்களில் விற்கும் விலையுயர்ந்த ஐஸ் அச்சுகளும் வீண் செலவுதான். சின்ன டம்ளரே போதும்.

இப்போது தேன். மகளின் ஐஸில் ஒரு கரண்டி கலந்தால் ஆபத்தில்லை, சர்க்கரையை மிச்சப்படுத்தியதாக மட்டும் நினைக்க வேண்டாம். மகனுக்குக் கூடவே கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனைத் தொட்டு நாக்கில் வைக்கவும் கூடாது. தேனில் பாட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். நம் குடல் அவற்றைச் சமாளித்துவிடும். பச்சிளங்குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். மலச்சிக்கல், பலவீனமான அழுகை, பால் உறிஞ்ச இயலாமை, உடல் தளர்ச்சி என்று போகும். காய்ச்சிய தேன் என்பார்கள். வீட்டு அடுப்பின் கொதிநிலைக்கு அந்த வித்துகள் சாகாது. ஃப்ரீசரில் வைத்தோமே என்பார்கள், உறைநிலையிலும் சாகாது. சுத்தமான காட்டுத் தேன் என்று விற்பவர் சத்தியம் செய்வார். கலப்படம் இல்லாத தேனிலும் வித்து இருக்கலாம். உங்களுக்கே சின்ன வயதில் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், பணிவாகக் கேட்டுக்கொண்டு புட்டியை மேல் தட்டில் வையுங்கள். மகனுக்கு ஒரு வயது முடிந்ததும் கீழே இறக்கலாம்.

அவனுக்குக் குச்சி ஐஸே வேண்டாம். கடித்து உடைந்த கட்டி தொண்டையில் சிக்கும். தேன் கலக்கும் முன், அச்சில் ஊற்றும் முன், மழமழவென்று அடித்த பழக்கூழில் இரண்டு கரண்டி எடுத்து வைத்து, லேசாகக் குளிரவைத்து ஊட்டிவிடுங்கள்.