தேக்கு சாப்பாட்டு மேஜைக்கு மெலமைன் பாலிஷா, பியூ பாலிஷா?

மேல்பலகைக்குப் பியூ (பாலியூரித்தேன்), அதுவும் ஹார்ட்னர் என்ற இறுகவைக்கும் திரவம் கலந்து அடிக்கும் வகை. கால்களுக்கு மெலமைனே போதும், காசை அங்கே மிச்சம் பிடியுங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கத்தில் வீடு, பழைய தேக்கு, சூடான குழம்புச் சட்டி வைத்த இடமெல்லாம் வெள்ளை வட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக அது பிரெஞ்ச் பாலிஷ், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு. அந்த அழகு வேறு எதிலும் வராது (என் கட்சி அது), ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் வெளுத்துவிடும், சாப்பிடும் மேஜைக்குச் சரிப்படாது.

சோதித்துப் பாருங்கள்: காலின் உள்பக்கம், பாலிஷ் பட்ட மறைவான இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அரை நிமிடம் அழுத்துங்கள். பிசுபிசுத்துப் பழுப்பாக வந்தால் அரக்குதான். அசையாவிட்டால் தின்னர் வைத்துப் பாருங்கள், அதில் இளகினால் லாக்கர் என்ற வகைப் பாலிஷ்.

எதுவானாலும் பழையதன் மேலேயே அடிக்கச் சொல்லாதீர்கள். முழுக்கச் சுரண்டி, உப்புத்தாள் 120, 180, 240 நம்பர் என்று வரிசையாக ரேகை போகும் திசையிலேயே தேய்த்து, சீலர் (பாலிஷுக்கு முன் மரத்துளைகளை அடைக்கும் பூச்சு) அடிப்பதற்குச் சற்றுமுன் தின்னரில் ஒருமுறை துடைக்க வேண்டும், தேக்கில் இயல்பாகவே எண்ணெய் இருப்பதால் துடைக்காமல் அடித்தால் பிடிப்பு வராமல் உரிந்துகொண்டு வரும்.

ஐப்பசி கார்த்திகை மழையில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். காற்றின் ஈரத்தில் பியூ குமிழி விடும், தை பிறக்கட்டும். அப்புறம், பியூவில் ஆழமாகக் கீறல் விழுந்தால் அரக்கு மாதிரி அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்வது கஷ்டம், பெரும்பாலும் பலகை முழுவதையும் தேய்க்க வேண்டிவரும். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டிக்கு எப்படியும் பிரிமணை வேண்டும்.