மூன்று மீட்டர் சதுர அறையில் ஸ்டீரியோ: கடிதமும் பதிலும்

வணக்கம்.

சிங்கப்பூரின் ஈசூனில் நாலறை வீவக அடுக்குமாடி வீடு. மகள் திருமணமாகிப் போனபின் அவள் அறை சும்மா கிடக்கிறது. கட்டில், மெத்தை எல்லாவற்றையும் ஒழித்துவிட்டு, ஹாலில் டிவி மேசைமேல் இருந்த ஸ்டீரியோவை அங்கே கொண்டுபோய் வைத்தேன். பழைய ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்), ஆறரை அங்குல வூஃபர் (பேஸ் ஒலி எழுப்பும் கூம்பு) உள்ள சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டு (துளை பின்பக்கம் இருக்கிறது). பாட்டு வருவது லேப்டாப்பிலிருந்து. அறை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர், உயரம் 2.6 மீட்டர். தனி அறை கிடைத்தால் நன்றாகக் கேட்கும் என்று நினைத்தேன், ஹாலில் கேட்டதைவிட மோசம். பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் கும்மென்று எழுகிறது, மற்றவை காணாமல் போகின்றன. கச்சேரிப் பதிவு போட்டால் குளியலறையில் பாடுவதுபோல் இருக்கிறது. வலது ஸ்பீக்கர் அவ்வப்போது நின்றுவிடும். சார்ஜரைச் செருகினால் மெல்லிய இரைச்சல் வேறு.

நண்பர் ஒருவர் 180 வெள்ளிக்குக் கேபிள் மாற்றச் சொல்கிறார். ஸ்பீக்கருக்கு அடியில் உலோகக் கூம்பு வைக்க வேண்டுமாம். வீட்டில் முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டலாம் என்கிறார்கள். 150 வெள்ளிக்குமேல் செலவழிக்க மனமில்லை. எதிலிருந்து தொடங்குவது?

ஈசூன் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

150 வெள்ளி தாராளம். ஆனால் முதல் வாரம் ஒரு காசும் செலவழிக்காதீர்கள். உங்கள் ஆம்பும் ஸ்பீக்கரும் ஹாலில் ஒழுங்காகப் பாடியவைதானே. மாறியது அறை மட்டும்தான், ஆகவே பழுது பார்க்க வேண்டியதும் அறையைத்தான்.

முதலில் கேபிள் விஷயத்தை முடித்துவிடுவோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை ஐந்து மீட்டர் இழுத்தால், போக வர சேர்த்துத் தடை ஏறத்தாழ 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைவது 0.13 டெசிபல். எந்தக் காதுக்கும் அது தெரியாது. உங்கள் அறைக்கு மூன்று மீட்டரே போதும். சிம் லிம் டவர் பக்கம் மீட்டர் கணக்கில் வெட்டி வாங்கிக்கொள்ளலாம். வாங்கும்போது ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். கூம்பும் வேண்டாம். ஸ்பீக்கரின் நான்கு மூலைக்கு அடியிலும் புளூ டேக் என்ற ஒட்டும் பசையைப் பட்டாணி அளவு உருட்டி வைத்து அழுத்தினால் ஆடாமல் நிற்கும்.

வலது ஸ்பீக்கர் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இணைப்பில் படிந்த பச்சைக் களிம்புதான். நம் ஈரக்காற்றில் செம்பு சீக்கிரம் கறுத்துவிடும். ஆம்பை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, ஆம்பின் பின்னால் இடது வலது ஸ்பீக்கர் கம்பிகளை மாற்றிச் செருகுங்கள். பிறகும் வலது ஸ்பீக்கரே நின்றால் குற்றம் கம்பியிலோ ஸ்பீக்கரிலோ இருக்கிறது. இடது நின்றால் ஆம்பிலோ அதற்கு முன்னாலோ. பின்னதென்றால் லேப்டாப்பிலிருந்து வரும் சிவப்பு, வெள்ளை பிளக்குகளையும் அதேபோல் மாற்றிப் பார்த்துவிடலாம். கம்பி முனையில் கறுத்த பகுதியை ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுப் புதுச் செம்பை முறுக்கிச் செருகுங்கள். பிளக்குகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். வால்யூம், பேலன்ஸ், செலக்டர் திருகுகளை மின்சாரம் இல்லாத நிலையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை முப்பது முறை திருப்புங்கள், பாதிக் களிம்பு அதிலேயே போய்விடும். மின் இணைப்புக்கென்று விற்கும் கிளீனரைத் தவிர வேறு எண்ணெய் எதையும் அடிக்க வேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் நின்று, சத்தத்தைக் கூட்டினால் மட்டும் ஸ்பீக்கர் திரும்ப உயிர்பெற்றால், உள்ளே ரிலே (ஸ்பீக்கரை இணைக்கும் சுவிட்ச்) தேய்ந்திருக்கிறது. அது ரிப்பேர்க்காரர் வேலை. மூடியை நீங்கள் திறக்காதீர்கள், பிளக்கை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கம்பியைத் திரும்ப மாட்டும்போது சிவப்பும் கறுப்பும் ஒரு பக்கத்தில் மாறிப்போனால் இரண்டு வூஃபரும் எதிரெதிராக அசைந்து பேஸை விழுங்கிவிடும். பலர் வீட்டில் பேஸ் இல்லாததற்கு இதுவே காரணம். சரிபார்ப்பது எளிது. ஸ்பீக்கர்களை ஒன்றையொன்று பார்க்கும்படி பத்து சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்து, பேஸ் உள்ள பாட்டை மோனோவில் (இரு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி) ஓடவிடுங்கள். ஆம்பை அணைத்து ஒரு ஸ்பீக்கரின் கம்பியை மட்டும் மாற்றி மீண்டும் கேளுங்கள். எந்த நிலையில் பேஸ் கனமாக இருக்கிறதோ அதுவே சரி.

இனி அறை. சதுர அறை என்பது ஸ்டீரியோவுக்கு வாய்த்த வடிவங்களில் மோசமானது. நம்மூர் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு 348 மீட்டர் அளவில் போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே மூன்று மீட்டர் என்றால் 348-ஐ 6-ஆல் வகுத்துப் பாருங்கள்: 58 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் ஒலி சுவருக்குச் சுவர் மோதி, நகராமல் நிற்கும் அலையாக (நின்றலை) மாறிவிடும். உங்கள் அறையில் நீளத்துக்கும் அகலத்துக்கும் அதே 58 என்பதால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. கூரைக்கு 67. பேஸ் கிட்டாரின் ஏ தந்தியைத் திறந்து மீட்டினால் 55 ஹெர்ட்ஸ், முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் 58.3. அந்த ஒரு சுரம் கும்மென்று எழுவது இதனால்தான். இந்த அலை சுவரோரத்தில் உச்சம், அறை நடுவில் ஏறக்குறைய பூஜ்யம். சரி நடுவில் நாற்காலி போட்டால் அந்தச் சுரம் காணாமல் போகும், சுவரில் தலை சாய்த்து உட்கார்ந்தால் காதைப் பிளக்கும். இரண்டும் வேண்டாம். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 விழுக்காடு, அதாவது 1.14 மீட்டர் முன்னால் உங்கள் தலை இருக்கட்டும். இது வேதவாக்கு அல்ல, தொடங்குவதற்கு ஒரு புள்ளி.

ஸ்பீக்கரின் முகம் முன்சுவரிலிருந்து (ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவர்) 50 சென்டிமீட்டர், அதன் நடுக்கோடு பக்கச்சுவரிலிருந்து 70. அப்படி வைத்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 1.6 மீட்டர் வரும். உங்கள் தலைக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இடையே 1.58. சமபக்க முக்கோணம் கிடைத்துவிட்டது. 50, 70 என்று வேறு வேறு எண் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலியும் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் ஓர் அதிர்வெண்ணில் ஒன்றையொன்று அழிக்கும். தூரத்தை நான்கால் பெருக்கி, 348-ஐ அதனால் வகுத்தால் அந்த எண் வரும். 50 சென்டிமீட்டருக்கு 174 ஹெர்ட்ஸ், 70-க்கு 124. இரண்டு தூரமும் ஒன்றானால் இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழுந்து ஆண்குரலின் அடிப்பாகத்தையே வெட்டிவிடும். தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒரே பாட்டை வைத்து, ஐந்து ஐந்து சென்டிமீட்டராக முன்பின் நகர்த்துங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் நகர்த்த வேண்டும், ஸ்பீக்கரையும் நாற்காலியையும் சேர்த்து நகர்த்தினால் எதனால் மாறியது என்றே தெரியாது. ட்வீட்டர் (உச்ச ஸ்தாயி ஒலிக்கும் சிறிய பகுதி) காது உயரத்தில், சாதாரண நாற்காலிக்கு 95 சென்டிமீட்டரை ஒட்டி, இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் முன்விளிம்புக்கு அடியில் கதவுக்கு வைக்கும் ரப்பர் ஆப்பைச் செருகி நிமிர்த்துங்கள். ஸ்பீக்கர்களைக் கொஞ்சம் உட்பக்கம் திருப்புங்கள், நாற்காலியிலிருந்து பார்த்தால் வெளிப்பக்கப் பலகை தெரியக்கூடாது.

கும்மென்ற சத்தம் அப்போதும் மிஞ்சினால், பின்பக்கத் துளையில் ஒரு ஜோடிக் காலுறையைச் சுருட்டித் தளர்வாகச் செருகிப் பாருங்கள். பேஸ் சற்று மெலியும், ஆனால் இறுகும். பஞ்சை வைக்காதீர்கள், உள்ளே விழுந்தால் எடுக்க முடியாது.

குளியலறை எதிரொலிக்கு வருவோம். டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர், கண்ணாடி ஜன்னல். இதில் நீங்கள் மெத்தையையும் வெளியேற்றிவிட்டீர்கள்! அந்த அறையில் இருந்த நல்ல ஒலி உறிஞ்சி அது ஒன்றுதான். இன்னும் வீட்டில் இருந்தால், பின்சுவரில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்திவைத்துக் கேளுங்கள். துணி நிறைந்த அலமாரி இருந்தால் கதவைத் திறந்துவையுங்கள், அதுவும் உறிஞ்சும்.

முட்டை அட்டை வேண்டவே வேண்டாம். ஒரு பொருள் எந்த அதிர்வெண்வரை உறிஞ்சும் என்பதை முடிவுசெய்வது அதன் தடிமன். மெல்லிய அட்டையும் ஓர் அங்குல ஃபோமும் உச்ச ஸ்தாயியை மட்டும் தின்னும். கீழே உள்ள முழக்கம் அப்படியே நிற்க, மேலே உள்ள பளபளப்பு மட்டும் போய், அறை மந்தமாகிவிடும். தவிர, அட்டை தீப்பிடிக்கும், கரப்பான் குடியேறும்.

பத்து சென்டிமீட்டர் தடிமனில் ஒலியை உறிஞ்சும் பேனல் செய்யுங்கள். கனிமக் கம்பளி எனப்படும் ராக்வுல் சிறந்தது, ஆனால் அடுக்குமாடி வீட்டில் அதை வெட்டினால் நார் எல்லா இடமும் பறக்கும். முகமூடி, கையுறை, முழுக்கை இல்லாமல் தொடக்கூடாது. பழைய குளியல் துண்டுகள் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். ஒரு பேனலுக்கு 10 சென்டிமீட்டர் அகலப் பலகையை 120 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டும், 60 சென்டிமீட்டர் நீளத்தில் மூன்றும் வெட்டிக்கொள்ளுங்கள். 120-ஐ நிறுத்தி, 60-ஐ மேலும் கீழும் நடுவிலும் வைத்துத் திருகுங்கள். நடுத்தட்டு இல்லாவிட்டால் துண்டுகள் நாளடைவில் கீழே அமுங்கி மேல்பாதி வெறுமையாகிவிடும். மூட்டுக்கு இரண்டு 40 மில்லிமீட்டர் திருகு போதும். முதலில் 2.5 மில்லிமீட்டர் துளை போட்டுக்கொள்ளாவிட்டால் பைன் பலகை முனையில் பிளக்கும். துண்டுகளைச் சட்டத்தின் அளவுக்கு மடித்து அழுத்தாமல் அடுக்குங்கள். துண்டின் கனத்தைப் பொறுத்து 15 முதல் 20 பிடிக்கும். பின்னால் பலகை அடிக்கக்கூடாது, இரண்டு பக்கமும் துணிதான்.

துணிக்கு ஒரே சோதனை, வாயில் வைத்து ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும். தேக்காவில் கிடைக்கும் நாலு முழப் பருத்தி வேட்டி ஒன்று ஒரு பேனலின் முகத்தை மூடிப் பக்கங்களையும் சுற்றிவிடும், பின்பக்கத்துக்குப் பழைய வேட்டி. கரையை வெட்டிவிடுவதும் வைத்துக்கொள்வதும் உங்கள் ரசனை. ஸ்டேப்ளரை நடுவிலிருந்து இரு முனைக்கும் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக அடித்துப் போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கம் விழும்.

எங்கே நிறுத்துவது? நீங்கள் நாற்காலியில் உட்காருங்கள். வீட்டில் யாராவது பக்கச்சுவரில் ஒரு கண்ணாடியை நகர்த்திக்கொண்டு வரட்டும். அதில் அந்தப் பக்கத்து ட்வீட்டர் தெரியும் இடம்தான் ஒலி பட்டுத் திரும்பும் இடம். மேலே சொன்ன அளவில் அது முன்சுவரிலிருந்து 90–95 சென்டிமீட்டரில் வரும். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, மிஞ்சினால் மூன்றாவது உங்கள் தலைக்குப் பின்னால். தரையில் ஒரு தடித்த கம்பளம். சுவரில் மாட்டாதீர்கள், கனம் அதிகம். கால் வைத்து நிறுத்தி, சுவருக்கும் பேனலுக்கும் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளி உறிஞ்சலைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கும், பூஞ்சையையும் தடுக்கும். ஏர்கான் நீர் சொட்டும் பக்கமும் மழை அடிக்கும் வெளிச்சுவரும் ஆகாது. மாதம் ஒருமுறை பின்னால் முகர்ந்து பாருங்கள், வாடை வந்தால் துண்டுகளைத் துவைத்து வெயிலில் போட வேண்டியதுதான்.

58 ஹெர்ட்ஸை இந்தப் பேனல்கள் தொடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் கால் அலைநீளமே ஒன்றரை மீட்டர். இடம் மாற்றியபின்னும் மிஞ்சும் முழக்கத்தை லேப்டாப்பில் வெட்டலாம். விண்டோஸ் என்றால் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். 40-லிருந்து 120 ஹெர்ட்ஸ்வரை ஒற்றைச் சுரங்களை மெல்ல ஏற்றிக் கேட்டு, எது எகிறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 58-ஐச் சுற்றி இருந்தால் அங்கே 6 டெசிபல் குறைத்து, கியூ அளவை (வெட்டு எவ்வளவு குறுகலாக இருக்கும் என்பது) 5 வையுங்கள். பள்ளத்தை மட்டும் ஏற்ற முயலாதீர்கள். பத்து டெசிபல் ஏற்ற ஆம்புக்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும், ஏற்றியதும் அதே இடத்தில் அழிந்துதான் போகும்.

சார்ஜர் இரைச்சலுக்கு முதல் மருந்து பேட்டரியில் ஓட்டுவது. அப்போது இரைச்சல் நின்றால் லேப்டாப்பின் எர்த்தும் ஆம்பும் சேர்ந்து ஒரு சுற்று உண்டாகியிருக்கிறது என்று பொருள். லேப்டாப்புக்கும் ஆம்புக்கும் நடுவே மாட்டும் சிறிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் அதைத் துண்டிக்கும். எர்த் முனையை எடுத்துவிடச் சொல்பவர் எவர் பேச்சையும் கேட்காதீர்கள், இங்கே சுவரில் வருவது 230 வோல்ட்.

கீழ்வீட்டுக்குப் போகும் பேஸைப் பேனலும் கம்பளமும் தடுக்காது, இரவு நேரமானால் ஹெட்ஃபோன்தான். போகிற போக்கில் வூஃபரின் ஓரத்து வளையத்தையும் பாருங்கள். ரப்பரென்றால் கவலையில்லை. ஃபோமென்றால் இந்த ஈரத்தில் பத்துப் பதினைந்து ஆண்டில் பிசுபிசுத்துப் பொடியாகும். விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், ஒட்டினாலோ உதிர்ந்தாலோ, மிஞ்சிய வெள்ளியை வளையம் மாற்றும் கிட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் செய்யும்முன் வூஃபர் கூம்பின் வெளிவிட்டம், வளையத்தின் உள்விட்டம், வெளிவிட்டம், சட்டத்தின் விட்டம் நான்கையும் மில்லிமீட்டரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறரை அங்குலம் என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது.