தம்பதியர் தரவு: நூறா, இருநூறா?

கேள்வி: முதுகலை உளவியல் ஆய்வுக்காக 100 தம்பதியரிடம் பதற்றம், மண நிறைவு ஆகியவற்றை அளந்துள்ளேன். இதை 200 பேரின் தரவாகக் கொள்ளலாமா?

பதில்: கூடாது. வழக்கமான புள்ளியியல் சோதனைகள் ஒருவர் விடை மற்றவர் விடையைச் சாராதது என்றே கொள்கின்றன. ஒரே வீட்டில் வாழும் இருவரின் விடைகளோ பெரும்பாலும் ஒத்துப்போகும். அவர்களுக்கிடையேயான ஒட்டுறவு (விடைகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண்) 0.5 எனில், மொத்தச் சராசரியைக் கணிக்கும் அளவில் உங்கள் 200 பேர் ஏறத்தாழ 133 பேருக்கே சமம். கணவர், மனைவி சராசரிகளை ஒப்பிடும்போது நிலைமை தலைகீழாகும்: இணையைப் பிரித்துக் கணக்கிட்டால், உண்மையில் இருக்கும் வேறுபாடே தென்படாமல் போகலாம்.

இருவரின் மதிப்பெண்களையும் கூட்டிச் சராசரியாக்குவது எளிது. ஆனால் யாருடைய பதற்றம் யாருடைய நிறைவைக் குறைக்கிறது என்ற, என் பார்வையில் முதன்மையான கேள்வி அதில் மறைந்துவிடுகிறது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் கென்னியும் சக ஆய்வாளர்களும் வளர்த்தெடுத்த ஆக்டர்-பார்ட்னர் (தான்-துணை) என்னும் புள்ளியியல் மாதிரி, மனைவியின் பதற்றம் அவருடைய நிறைவையும் கணவருடைய நிறைவையும் எவ்வாறு பாதிக்கிறது என்பதையும், அவ்வாறே கணவருடைய பதற்றத்தின் விளைவுகளையும் ஒரே சமயத்தில் கணிக்கிறது.

வகுப்பறை போன்ற பெரிய குழுக்களுக்கு, தனியாள், குழு ஆகிய இரு நிலைகளையும் சேர்த்துக் கணக்கில் கொள்ளும் பலநிலை மாதிரிகள் பொருந்தும். அங்கே ஒட்டுறவு வெறும் 0.1 ஆக இருந்தாலும், 30 மாணவர் கொண்ட வகுப்பு ஒன்று, சராசரியைக் கணிப்பதில், தனித்தனியான 8 மாணவர்களுக்குக்கூட ஈடாகாது.