ரத்தமா, ஞானஸ்நானப் பதிவேடா?

கேள்வி: ‘ஆரிய இனம்’ என்ற கோட்பாட்டை நாஜி ஜெர்மனியின் படித்த வர்க்கம் ஏன் கேள்வி கேட்காமல் ஏற்றது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அறிஞர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். ஆரியம் என்பது மொழியைப் பற்றியதே அன்றி, ரத்தத்தையோ மண்டையோட்டையோ பற்றியதன்று என்று மொழியறிஞர் மாக்ஸ் முல்லர் 1888-இலேயே எழுதிவிட்டார். ஆனால் 1933 ஏப்ரலில் வந்த சட்டத்தின்படி, தாத்தா பாட்டியரில் ஒருவர் யூதராக இருந்தாலே, சில விலக்குகள் நீங்கலாக, அரசுப் பணி பறிபோயிற்று. கோட்டிங்கன் பல்கலைக்கழகம் கணிதமேதை எம்மி நோதரை இழந்ததும் அவ்வாண்டில்தான்.

வேடிக்கை என்னவென்றால், ‘ஆரிய ரத்த’த்தைக் கண்டறிய எந்தச் சோதனையும் இல்லாததால், இனத்தை நிரூபிக்க மக்கள் தேவாலயங்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தேடி அலைந்தார்கள், யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935 நியூரம்பர்க் சட்டங்களின் விதிகளும் தாத்தா பாட்டி எந்த மதச் சபையைச் சேர்ந்தவர்கள் என்பதை வைத்தே பேரனின் இனத்தை முடிவு செய்தன. இந்த ஓட்டையைக் காணப் பெரிய படிப்பு தேவையில்லை. எனினும், சான்றிதழைக் காட்டி வேலையைக் காத்துக்கொண்டவருக்கு, வெளியேற்றப்பட்டவரின் நாற்காலியும் கிடைக்கக்கூடும் என்றிருந்த நிலையில், சந்தேகம் நஷ்டக் கணக்காகவே பட்டிருக்கும். 1933-இல் யூதரான ஐன்ஸ்டீனின் கோட்பாட்டை ஆதரித்து, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகத் திருச்சபையால் தண்டிக்கப்பட்ட கலிலியோவுக்கு நேர்ந்ததை இயற்பியலாளர் மாநாட்டில் நினைவூட்டிய மாக்ஸ் ஃபான் லாவே போன்றவர்கள் மிகச் சிலரே.